வீட்டு இசைக்கூடமும் உண்மை பேசும் ஒலிபெருக்கியும்

பொன் நிறுக்கும் பொற்கொல்லன் தன் தராசு பார்வைக்கு அழகாயிருத்தல் வேண்டுமென்று எண்ணுவதில்லை. அது நேராக நிற்றல் வேண்டுமென்றே எண்ணுகின்றான். ஒரு குன்றிமணி எடையைக் கூட்டிக் காட்டும் தராசைக் கொண்டு அவன் எத்துணைத் திறமையோடு வேலை செய்தாலும் கணக்குப் பிழைத்தே தீரும். இசையை ஆக்குவோர்க்கும் அத்தகைய தராசு ஒன்று உண்டு. அதுவே அவர்தம் ஒலிபெருக்கி. அதனைத் தெரிந்தெடுக்கும் வகை யாது, குறைந்த பணத்தில் அதனைப் பெறுதல் கூடுமா என்பவற்றை இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம்.

கொழும்பிலே 1925ஆம் ஆண்டு வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. அன்று முதல் நெடுங்காலம், ஒரு பாட்டைப் பதிவு செய்ய விரும்பியோர் வானொலிக் கலையகத்தின் வாயிலிலோ இசைத்தட்டுக் கம்பனியின் வாயிலிலோ காத்துநிற்க வேண்டியிருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. ஒரு கணினி, ஒரு மைக், அவ்விரண்டையும் இணைக்கும் கையடக்கமான ஒரு பெட்டி ஆகிய மூன்றும் உண்டாயின், மாணவனொருவன் தன் படிப்பறையிலேயே பாடிப் பதிவு செய்து, வயலினையும் மிருதங்கத்தையும் வேறு வேறாகச் சேர்த்து, முழுப் பாடலொன்றை ஆக்கிவிடுகின்றான். வாய்ப்புப் பெருகியது நன்றே. ஆயின் வாய்ப்போடு செலவும் வீட்டினுள்ளே புகுந்துவிட்டது.

அண்மையில் அன்னையொருவர் எமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். உயர்தர வகுப்பிலே பயிலும் அவர் மகன் பாடல் இயற்றிப் பதிவு செய்வதில் ஈடுபாடுடையவன். தந்தையார் கடல் கடந்த நாடொன்றிலே உழைத்துப் பணம் அனுப்புகின்றார். "ஐயா, மகன் ஸ்ரூடியோ ஸ்பீக்கர் வேண்டுமென்று கேட்கிறான். கடையிலே ஆளுயரப் பெட்டிகளைக் காட்டித் தவணைக்குத் தருகிறோம் என்கிறார்கள். இது வீண் செலவா? வாங்குவதானால் எதை வாங்குவது?" என்பதே அவர் வினா. பல இல்லங்களிலே இன்று எழும் வினா இதுவாதலின், விடையையும் பலர் அறியக் கூறுதல் தகும்.

இன்பம் தருவதும் உண்மை தருவதும்

ஒலிபெருக்கிகள் இருவகைப்படும். கேட்போரை மகிழ்விக்கச் செய்யப்பட்டவை ஒருவகை. ஆக்குவோர்க்கு உண்மை உரைக்கச் செய்யப்பட்டவை மற்றொரு வகை. பின்னதையே மொனிற்றர் ஒலிபெருக்கி என்பர். விழா வீட்டிலும் கூடத்திலும் முழங்கும் பெட்டிகள் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தவை. அவற்றைச் செய்வோர் தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் வேண்டுமென்றே சற்றுத் தூக்கி வைப்பர். கேட்போர் நெஞ்சில் அதிர்வு தட்டுகின்றது, சலங்கை ஒலி பளிச்சிடுகின்றது, கேட்டவர் மகிழ்கின்றார். பாட்டைக் கேட்பதற்கு இது குற்றமன்று.

பாட்டை ஆக்குபவனுக்கோ அது பெருங் கேடாகும். எங்ஙனமெனிற் கூறுவாம். தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் காட்டும் பெட்டியின் முன் அமர்ந்தவன், "மிருதங்கம் அளவுக்கு மிஞ்சிக் கேட்கின்றதே" என்று அதனைக் குறைப்பான். குறைத்த பாட்டு அவன் அறையிலே இனிமையாக இருக்கும். அதனையே அயல்வீட்டு வானொலியிற் கேட்டால் மிருதங்கம் மெலிந்து, பாட்டு உயிரற்றுக் கிடக்கும். தாழ்ந்த ஒலியைக் காட்டாத மிகச் சிறு பெட்டியை நம்பியவனோ அதனை மேன்மேலும் கூட்டுவான். அவன் பாட்டுப் பேருந்திலே ஒலிக்கும்போது சொற்கள் யாவும் இரைச்சலில் மூழ்கிப்போகும். இவ்விருவரும் செவியிற் குறையுடையவரல்லர். அவர்கள் தராசே கோணலானது. ஆதலின் மொனிற்றர் ஒலிபெருக்கியை வாங்குவோர் அது இனிமையாக ஒலிக்கின்றதா என்று கேளாது, உள்ளதை உள்ளவாறு உரைக்கின்றதா என்று கேட்டல் வேண்டும்.

வெண்ணிறக் கூம்பின் கதை

இவ்வுண்மையை விளக்க ஒரு வரலாறு உண்டு. யப்பானிய நிறுவனமாகிய யமஹா 1978இல் என்.எஸ்.10 என்னும் ஒலிபெருக்கியை வெளியிட்டது. அது இசைக்கூடத்துக்கெனச் செய்யப்பட்டதன்று. வீட்டிலே பாட்டுக் கேட்போர்க்கெனச் செய்யப்பட்டது. மூடிய கறுத்த பெட்டி, ஏறத்தாழ 7 அங்குல வெள்ளைக் காகிதக் கூம்பு என்பன அதன் அடையாளங்கள். வீட்டு நேயர்கள் அதனைப் பெரிதும் விரும்பவில்லை. தாழ்ந்த ஒலி போதாது, நடு ஒலி முகத்தில் அறைகின்றது என்பன அதன்மேற் சாட்டப்பட்ட குறைகள்.

வீட்டினர் ஒதுக்கிய அப்பெட்டியை இசைக்கூடத்தார் ஏற்றுக்கொண்டனர். அமெரிக்க ஒலிக்கலவைக் கலைஞர் பொப் கிளியர்மவுண்டன் முதலியோர் கையாண்ட பின்னர், 1980களிலே உலகின் பெரும் பதிவுக்கூடங்கள் பலவற்றில் அவ்வெள்ளைக் கூம்பு இடம்பெற்றது. உச்ச ஒலி செவியைக் குத்துகின்றதென்று அதன் சிறு கூம்பின்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிக்கொண்டு வேலை செய்தோரும் உளர்! அவ்வளவு கடுமையான பெட்டியை ஏன் விடாது பற்றினர்? அதன் முன் நன்றாக ஒலிக்கும் பாட்டு வேறெங்கும் நன்றாகவே ஒலிக்கும் என்பதை அவர்கள் பட்டறிவாற் கண்டனர். இங்கிலாந்திலே ஒலியியலார் சிலர் 2001இல் அதனை ஆராய்ந்து, மின்குறி நின்றவுடன் ஒலியும் விரைந்து நின்றுவிடுவது அதன் சிறப்பெனக் காட்டினர். ஓர் ஒலியின் வால் நீண்டு அடுத்த ஒலியை மறைக்காதபோது குறைகள் தெளிவாகத் தெரிகின்றன. அதே 2001இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

இன்று பழைய என்.எஸ்.10 ஒன்றைத் தேடி வாங்குங்கள் என்று நாம் கூறவில்லை. உற்பத்தி நின்ற பொருளுக்கு உரிய கூம்பு கிடைத்தல் அரிது. பெயரின் பொருட்டுக் கேட்கும் விலையும் பெரிது. இக்கதையால் அறியத்தக்கது வேறு. விலையும் உருவமும் முழக்கமும் ஓர் ஒலிபெருக்கியை நல்ல கருவியாக்கா. அடக்கமான பெட்டியும் பொய் கூறாதாயின், அதன் குறையை அறிந்தவன் கையில் அது பெருங் கருவியாகும். சிறு பணத்தோடு கடைக்குச் செல்லும் மாணவனுக்கு இதனினும் ஊக்கந் தரும் செய்தி வேறில்லை.

விவரத்தாளை வாசிக்கும் முறை

கடைக்காரர் முதலிற் கூறுவது எத்தனை வாற்று என்பதே. மாணவர் முதலில் மறக்க வேண்டியதும் அதுவே. வலு இருமடங்கானாலும் ஒலி மட்டம் 3 டெசிபெல்லே உயரும். செவிக்கு அது சிறு உயர்வாகவே தோன்றும். 4 அடி தூரத்தில் அமர்ந்து கேட்பவனுக்கு 100 வாற்றும் 50 வாற்றும் பெரிய வேற்றுமை தருவனவல்ல.

நோக்க வேண்டியது மீடிறன் வீச்சு. அஃதாவது, செக்கனுக்கு எத்தனை அதிர்வு முதல் எத்தனை அதிர்வு வரை அப்பெட்டி ஒலிக்கும் என்னும் கணக்கு. இதனையே ஹேர்ட்ஸ் என்னும் அளவால் எழுதுவர். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. யமஹாவின் எச்.எஸ்.5 என்னும் 5 அங்குலப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது 54 ஹேர்ட்ஸ் முதல் 30,000 ஹேர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று ஓர் எண் கூறுகின்றது. அதே பெட்டி 74 ஹேர்ட்ஸ் முதல் 24,000 ஹேர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று இன்னோர் எண் கூறுகின்றது. இரண்டும் மெய்யே. முதல் எண், எல்லையில் ஒலி 10 டெசிபெல் தாழ்ந்து நிற்பதையும் கணக்கிற் சேர்க்கின்றது. 10 டெசிபெல் தாழ்ந்தால் செவிக்கு ஏறத்தாழ அரைவாசிச் சத்தமே கேட்கும். இரண்டாவது எண் 3 டெசிபெல் தாழ்வு வரையே கொள்கின்றது. ஆகவே இரு பெட்டிகளை ஒப்பிடுவோர் இரண்டையும் ஒரே அளவையால் ஒப்பிடுதல் வேண்டும். அளவை கூறாது வீச்சு மட்டும் கூறும் விவரத்தாளை நம்புதலாகாது.

இவ்வெண்களை இசையோடு பொருத்திப் பார்ப்போம். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. 5 அங்குலக் கூம்பு அவ்வடிச் சுரத்தை முழுமையாகக் காட்டாது. ஆயின் அதன் இருமடங்காகிய 82இல் எழும் மேற்றொனியைக் காட்டும். செவியும் அதனைக் கொண்டே தாழ்ந்த சுரத்தை உணர்ந்துகொள்ளும். மனிதக் குரலும் வயலினும் புல்லாங்குழலும் இவ்வெல்லைக்குள் முழுமையாக அடங்கும்.

மிருதங்கம் ஒரு நல்ல சோதனைக் கருவி. சாதாரணப் பறையின் மேற்றொனிகள் ஒழுங்கான எண் உறவில் அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ, அதன் நடுவிலிடும் கருஞ்சாந்தின் காரணமாக, அவை தந்திக் கருவியிற் போன்று ஒழுங்காக அமைகின்றன. இதனை 1920இல் உலகுக்கு எடுத்துக் காட்டியவர் சேர் சி. வி. இராமன். ஆதலின் நல்ல ஒலிபெருக்கியில் வலந்தலையின் நாதம் சுருதியோடு தனித்துக் கேட்டல் வேண்டும். தொப்பியின் தாழ்ந்த முழக்கம் அதனை விழுங்காது வேறாக நிற்றல் வேண்டும். இரண்டும் ஒன்றாய்க் குழம்பினால் அப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வருதல் நன்று.

பருமனைப் பற்றி ஒரு சொல். 10 அடி அகலமும் 12 அடி நீளமும் உடைய அறைக்கு 5 அங்குலக் கூம்புடைய சோடி போதும். அதனினும் சிற்றறைக்கு மூன்றரை அல்லது 4 அங்குலமும் ஏற்கலாம். தாழ்ந்த ஒலியைப் பின்னர் காதணி ஒலிபெருக்கியாற் சரிபார்க்கலாம். 8 அங்குலப் பெட்டி சிற்றறையில் எழுப்பும் முழக்கத்தை அவ்வறை தாங்காது. ஏன் தாங்காது என்பதை இனிக் காண்போம்.

அறையும் ஒரு வாத்தியமே

கல்லூரியிலே பரிவுக் குழாய்ப் பரிசோதனை செய்த மாணவர் ஓர் உண்மையை அறிவர். குழாயின் நீளத்துக்குப் பொருந்திய மீடிறனில் இசைக்கவரை அதிர்த்தால் அக்குழாய் திடீரென்று உரத்து ஒலிக்கும். அறையும் இருபுறமும் மூடிய பெருங் குழாயே. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அலை சென்று தெறித்து மீண்டு, நிலையான அலையாகின்றது. நம் நாட்டு வெப்பநிலையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 348 மீற்றர் செல்லும். 12 அடி, அதாவது 3.66 மீற்றர் நீளத்துக்கு முதற் பரிவு ஏறத்தாழ 48 ஹேர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு அது 57 ஹேர்ட்ஸ். கூரைத்தட்டும் 10 அடி உயரத்திலே இருப்பின் அதே 57இல் இரு பரிவுகள் கூடி நின்று முழங்கும். அகலமும் நீளமும் உயரமும் ஒத்த அறை இசைக்கு ஆகாதென்பது இதனாலேயாம்.

இதனால் விளையும் வேடிக்கையைக் கேளுங்கள். அறையின் நடுவே அமர்ந்தால் அம்முதற் பரிவின் ஒலி ஏறத்தாழ மறைந்துவிடும். சுவரோரம் சென்றால் அதுவே பெருகி முழங்கும். ஒலிபெருக்கி ஒன்றே, பாட்டு ஒன்றே. இருக்கை மாறியதும் தீர்ப்பு மாறுகின்றது. இந்நிலையில் மேலும் பணங் கொடுத்து வேறு பெட்டி வாங்குவதாற் பயனில்லை. நாற்காலியை நகர்த்துவதற்குச் செலவேயில்லை.

ஒழுங்கு பின்வருமாறு அமைதல் நன்று. அறையின் குறுகிய சுவரை நோக்கி மேசையை இடுக. இரு பெட்டிகளும் இடச்சுவருக்கும் வலச்சுவருக்கும் சம தூரத்தில் நிற்க. இரு பெட்டியும் கேட்பவன் தலையும் சமபக்க முக்கோணமாக அமைக. ஒரு பக்கம் மூன்றரை அல்லது 4 அடி போதும். சிறு கூம்பு காதின் உயரத்தில் இருக்க வேண்டும். தலை இருக்கும் இடம் முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் நூற்றுக்கு 38 பங்கு தூரத்தில் அமைவது அனுபவத்தாற் கண்ட நல்ல தொடக்கம். 12 அடி அறைக்கு அது ஏறத்தாழ நாலரை அடி. அங்கிருந்து முன்னும் பின்னும் அரை அடி நகர்ந்து கேட்டு முடிவு செய்க.

பெட்டியைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது? பெட்டியின் முகம் பின்சுவரிலிருந்து ஒரு மீற்றர் விலகி நின்றால், சுவரிலே தெறித்து வரும் அலை 87 ஹேர்ட்ஸ் அளவில் நேரலையோடு முரணி அதனைக் கரைத்துவிடும். ஆகையாற் சிற்றறையிற் சுவரை அண்டி வைத்தலே மேல். அவ்வாறு வைத்தால் தாழ்ந்த ஒலி சற்று மிகும். அதனைக் குறைக்கும் ஆளி பல மொனிற்றர்களின் முதுகிலே உண்டு. மேற்கூறிய எச்.எஸ்.5இல் அது 2 அல்லது 4 டெசிபெல் குறைக்கும்.

நம் ஊர் வீடுகளிலே வேறொரு தொல்லையும் உண்டு. சீமெந்துத் தரையும் பூச்சுச் சுவரும் ஒலியைச் சிறிதும் உறிஞ்சா. வெற்றறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். "சர்ர்" என்று ஓர் ஓசை வாலாக நீளும். அவ்வோசை ஒவ்வொரு சொல்லின்மீதும் படிகின்றதென்று கொள்க. முட்டைத் தட்டுகளைச் சுவரெங்கும் ஒட்டினால் தீருமென்பது வெறும் நம்பிக்கை; அவை உச்ச ஒலியிற் சிறிதே தொடும், தாழ்ந்த ஒலியைத் தொடவே மாட்டா. மெல்லிய திரைச்சீலையும் அத்தகையதே. புத்தகம் நிறைந்த அலுமாரி ஒருபுறம், தரையிலே தடித்த விரிப்பு, கேட்பவன் முதுகுப்புறச் சுவரிலே நிமிர்த்தி வைத்த இலவம்பஞ்சு மெத்தை என்பன வீட்டிலுள்ள பொருள்களே. கையிற் சிறிது பணமிருப்பின் 4 அங்குலத் தடிப்புள்ள கண்ணாடிக் கம்பளிப் பலகையைத் துணியாற் போர்த்து மூலைகளிலும் பக்கச் சுவர்களிலும் வைக்கலாம். பஞ்சும் துணியும் எளிதில் தீப்பற்றுவன. மின்செருகியையும் விளக்கையும் அவற்றினின்று விலக்கி வைத்தல் அவசியம்.

செவியே முதற்கருவி

1933இல் பிளெச்சர், மன்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் மனிதச் செவியின் இயல்பை அளந்து வெளியிட்டனர். சத்தம் குறைந்தபோது செவி தாழ்ந்த ஒலியை மிகக் குறைவாகவே உணர்கின்றது. சத்தம் கூடக்கூட அவ்வுணர்வும் வளர்கின்றது. ஆதலின் இரவிலே உரக்க வைத்துக் கலந்த பாட்டு, காலையிலே மெல்ல வைத்துக் கேட்டபோது வேறொன்றாகத் தோன்றும். பரிகாரம் எளிது. ஓர் அளவான சத்தத்தைத் தெரிந்து, ஒலிபெருக்கியின் திருகிலே அடையாளமிட்டு, எப்போதும் அவ்வளவிலேயே வேலை செய்க. அருகிலிருப்பவரோடு குரலை உயர்த்தாமற் கதைக்கக்கூடிய அளவே சிற்றறைக்குப் போதும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதியும் இதுவே. வளர்ந்தோர் 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேற் கேட்டலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சத்தம் 3 டெசிபெல் உயர, கேட்கத்தக்க நேரம் பாதியாகின்றது. உட்செவியிலே ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மனிதரில் அவை மீண்டும் முளைப்பதில்லை. ஒலிபெருக்கி பழுதடைந்தால் வேறு வாங்கலாம். செவியை எக்கடையிலும் வாங்க முடியாது.

பணத்தைப் பங்கிடும் வகை

இனி அவ்வன்னையாரின் வினாவுக்கு வருவோம். வீண் செலவா என்பதை ஒலிபெருக்கி தீர்மானிப்பதில்லை; மகனின் பழக்கமே தீர்மானிக்கின்றது. அவன் கையிலுள்ள சாதாரணக் காதணி ஒலிபெருக்கியைக் கொண்டே ஏழெட்டுப் பாடல்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆக்கி முடித்திருக்கின்றானா? ஆமெனின் கருவி அவனுக்கு உதவும். ஒன்றையும் முடியாது, கருவி இன்மையையே காரணங் காட்டுவானாயின் ஆறு மாதம் பொறுத்திருத்தல் நலம். பரீட்சை அண்மையிலிருப்பின் அது முடியும்வரை காத்திருப்பதால் இசைக்கு ஒரு நட்டமும் இல்லை. தவணைக்கு வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் பாராது, தவணை யாவற்றையும் கூட்டி வரும் முழுத் தொகையை ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஆளுயரப் பெட்டி மாணவனின் அறைக்கு வேண்டாதது.

கையில் 100 ரூபா உண்டாயின், அதில் 60 ரூபாவை ஒலிபெருக்கிச் சோடிக்கும், 25 ரூபாவை அறையைச் சீர்செய்தற்கும், 15 ரூபாவை வயருக்கும் தாங்கிக்கும் ஒதுக்குக என்பது எமது கருத்து. 100 ரூபாவையும் பெட்டியிற் கொட்டி வெற்றறையில் வைப்பவனைவிட இவன் தெளிவாகக் கேட்பான். சோடி வாங்கப் பணம் போதாதாயினும், வீட்டிலே கைக்குழந்தையோ நோயாளியோ இருப்பினும், நல்ல காதணி ஒலிபெருக்கியோடு தொடங்குவதில் இழிவில்லை. அதற்கு அறையின் தொல்லை இல்லை. ஆயின் இடப்பக்க ஒலி இடக்காதுக்கே செல்வதால் ஒலிகள் இயற்கைக்கு மாறாக விலகித் தோன்றும்; ஆக்கிய பாட்டை அவ்வப்போது ஏதேனும் ஒலிபெருக்கியிற் கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.

கடையிலே நினைவிற் கொள்ளத்தக்கன சில. மொனிற்றர்களுக்குப் பல கடைகள் ஒரு பெட்டியின் விலையையே கூறும். சோடியின் விலையா என்று முதலிற் கேளுங்கள். பெருக்கி உள்ளமைந்த பெட்டியை வாங்கினால் வேறு பெருக்கி வேண்டியதில்லை. பெட்டியின் முதுகிலே 230 வோல்ற் என்று குறித்திருக்கின்றதா என்று பாருங்கள். உறவினர் அமெரிக்காவிலிருந்து கொணரும் பெட்டி 120 வோல்ற்றுக்கு உரியதாயிருப்பின், நம் வீட்டு மின்னில் நேரே செருகியவுடன் அது எரிந்துபோகலாம். இணைப்பு வயர் மூன்று தொடுகையுடைய சமநிலை வகையாயின் இரைச்சல் குறையும். பழைய பெட்டி வாங்குவோர் கூம்பைச் சூழ்ந்த வளையத்தை நன்கு நோக்குக. கடற்பாசி போன்ற மென்பொருளாற் செய்த வளையம் ஆண்டுகள் செல்ல உதிர்ந்துவிடும்.

கேட்டுத் தெரிவதற்கு நீங்கள் நெஞ்சில் எழுதி வைத்தது போல அறிந்த மூன்று பாடல்களைக் கொண்டு செல்லுங்கள். தனிக்குரல் ஒன்று, மிருதங்கம் தெளிவாக ஒலிப்பது ஒன்று, பல வாத்தியம் கலந்தது ஒன்று. ஒப்பிடும் பெட்டிகள் யாவும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வேண்டும். சிறிதளவு உரத்து ஒலிப்பதும் செவிக்கு மேலானதாகவே தோன்றும். விற்பவர் கை திருகின்மேல் இருக்குமாயின் தீர்ப்பும் அவர் கையிலே இருக்கும். இரு பெட்டிக்கும் நடுவே அமர்ந்து கேட்கும்போது பாடகர் குரல் வெளியே நடுவில் நின்று வருதல் வேண்டும். வாங்கும் பெட்டி பழைய பாட்டொன்றில் நீங்கள் அதுகாறும் கேளாத ஒரு சிறு ஒலியையோ, ஒரு குறையையோ காட்டுமாயின், அதுவே நல்ல அறிகுறி.

வாங்கிய பின் முதல் மாதம் எதனையும் ஆக்க முற்படாது, தேர்ந்த இசைப்பதிவுகளையே நாள்தோறும் கேட்டுவருக. பெட்டியின் இயல்பும் அறையின் இயல்பும் அப்போது செவியிற் படியும். அதன்பின் ஆக்கும் ஒவ்வொரு பாட்டையும் கைத்தொலைபேசியிலும் நண்பன் வீட்டு வானொலியிலும் வாகனத்திலும் கேட்டு, எங்கே எது குன்றியது, எங்கே எது மிகுந்தது என்று ஒரு கொப்பியிலே குறித்து வைக்க. பத்துப் பாடலுக்குக் குறிப்பெழுதியவன் தன் தராசு எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பதைத் தானே கண்டுகொள்வான். அக்கொப்பியை விலைக்குத் தரும் கடை எந்நாட்டிலும் இல்லை. மாணவ அன்பர்கள் அதனை இன்றே, கையிலுள்ள எக்கருவியைக் கொண்டேனும், எழுதத் தொடங்கலாம்.